கூரைக்கு ஒரு ஞானத்தாய்

கரனாவி,
20 செப்டம்பர் 1997

அன்புள்ள எர்மினியா அக்காவுக்கு,

பாசிலியா எழுதுகிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இரண்டு வருடம் நம் பெண்கள் காப்பு இல்லத்தில் தின்று படுத்தவள், போனதும் மறந்துவிட்டாள் என்று திட்டியிருப்பீர்கள். திட்டுங்கள். இங்கே என்னைத் திட்டக்கூட ஆளில்லை.

சாண் ஏறினால் முழம் சறுக்கி, ஒருவழியாகச் சுவர் எழும்பிவிட்டது. ஒற்றை அறைதான். ஆனால் தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கிறது அக்கா. லா பாஸ் பேருந்து நிலையத்தில் அட்டையை விரித்துப் படுத்தவளுக்கு அது போதாதா?

நவம்பரில் கூரைக்குத் தகடு போடவேண்டும். ஞானத்தாய் இல்லாமல் இங்கே யாரும் கூரையை மூடுவதில்லை. அவள்தான் சிலுவையைக் கட்டி, நாலு மூலையிலும் சாராயம் தெளித்து, இவள் எனக்குச் சொந்தம் என்று ஊர் முன்னால் சொல்லவேண்டும். எனக்கு நீங்கள் வாருங்கள். ஞானத்தாய் வழக்கமாகக் கொண்டுவரும் பீரும் வேண்டாம், தகடும் வேண்டாம். வெறுங்கையோடு வந்தால் போதும்.

உங்கள் பாசிலியா


லா பாஸ்,
4 அக்டோபர்

என் அன்புப் பாசிலியா,

உன் கடிதத்தைச் சமையலறையில் உரக்கப் படித்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனால் நான் வரமுடியாதடி. இங்கே வேலை செய்கிறவர்கள், தங்கியவர்களோடு ஞான உறவு வைத்துக்கொள்ளக் கூடாது. இங்கே வேலை செய்த கிளாடிஸ், தங்கியிருந்த ஒருத்தியின் குழந்தைக்கு ஞானத்தாயானதும், அவளுக்கு மட்டும் ரெண்டு போர்வையா என்று மற்றவர்கள் கரண்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்களே. அதில் உன் கரண்டியும் ஒன்று. பக்கத்து வீட்டில் யாரையாவது கேளேன்.

மாறாத அன்புடன்,
எர்மினியா


கரனாவி,
18 அக்டோபர்

அக்கா,

கேட்காமலா இருப்பேன்? பக்கத்து வீட்டுத் தோமாசா முகத்துக்கு நேரே சொன்னாள்: “உனக்குன்னு ஒரு சாதிசனம் இல்லையா? அவங்களே வராத வீட்டுக்கு நான் எதுக்கு வரணும்?” லா பாஸில் அக்கா இருக்கிறாள், அவள் வருவாள் என்று சொல்லிவிட்டேன். உங்களைத்தான் சொன்னேன். பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

பகலெல்லாம் காப்பித் தோட்டத்தில் களை வெட்டுகிறேன். சாயங்காலம் கதவைச் சாத்தினால் ஒரு சத்தமும் இல்லை. அங்கே முப்பது பேர் குறட்டையில் தூக்கம் வராமல் அழுதேன். இப்போது அந்தக் குறட்டை இல்லாமல் அழுகிறேன். நான்தான் இல்லத்தை விட்டு வந்துவிட்டேனே, இன்னும் எனக்கு எதற்கு அந்த விதி?

மற்ற தகடுகளைப் போடச் சொல்லிவிட்டேன். நடுத்தகடு மட்டும் நீங்கள் வந்து மூடுவதற்காகத் திறந்திருக்கிறது.

பாசிலியா


லா பாஸ்,
30 அக்டோபர்

பாசிலியாக் கண்ணே,

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு எங்கள் இல்லத்து இயக்குநரிடம் போய்ச் சண்டை போட்டேன். “சரி, போயிட்டு வாங்க. மத்தவளுங்க காதுல விழவேண்டாம்” என்றார். நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டில் இருப்பேன். வண்ணத்தாள், மிட்டாய், சாராயம் எல்லாம் வாங்கியாகிவிட்டது.

எத்தனையோ பேரை வீடு பார்த்து அனுப்பிவைத்தேன். ஒருத்தி வீட்டிலும் நான் காலெடுத்து வைத்ததில்லை. யாரும் கூப்பிட்டதில்லை பாசிலியா. நீ கூப்பிட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

உன் அக்கா,
எர்மினியா


லா பாஸ்,
17 நவம்பர்

கண்ணே,

எந்த முகத்தோடு எழுதுவேன்? சனிக்கிழமை பையை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தேன். வாசலில் ஒருத்தி, கை முறிந்து, காலில் செருப்பில்லாமல் நிற்கிறாள். எனக்கு மாற்றாக வேலைக்கு வரவேண்டியவள் வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப்போவது? நான்தான் போனேன். திரும்புவதற்குள் பேருந்து போய்விட்டது.

டிசம்பரில் கட்டாயம் வருவேன். அந்தத் தகட்டை அப்படியே வைத்திரு.

எர்மினியா


கரனாவி,
23 நவம்பர்

மரியாதைக்குரிய எர்மினியா அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. அவள் கை சீக்கிரம் கூடட்டும். நானும் ஒருநாள் அப்படித்தான் வந்து நின்றேன். அன்றைக்கு எனக்காக யார் வீட்டு விசேஷத்தை விட்டீர்களோ. அதனால் கோபம் இல்லை. வருத்தம் இருக்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கம்பக்கத்தார் எல்லோரும் வந்தார்கள். நிலக்கடலைச் சூப்பைத் திரும்பத் திரும்பச் சூடாக்கினேன். ஒவ்வொரு பேருந்துக்கும் சாலைக்கு ஓடினேன். “உங்க அக்கா கெளம்பிட்டாளா, இல்ல இனிமேத்தான் பொறக்கணுமா?” என்றாள் தோமாசா. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மத்தியானத்துக்குமேல் மழை பிடித்துக்கொண்டது. நடுத்தகடு போடாத இடம் வழியாகப் படுக்கைமேல் கொட்டியது.

டிசம்பரில் வரவேண்டாம். அன்றைக்கும் வாசலில் ஒருத்தி நிற்பாள், அவளை விட்டுவிட்டு நீங்கள் வரவும் கூடாது. நான் வெளியே வந்துவிட்டவள். இதை நான்தான் முதலிலேயே புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

அன்றைக்கே, எல்லோர் முன்னாலும், நானே ஏணியில் ஏறினேன். தகட்டைப் போட்டு, ஆணி அடித்து, சிலுவையைக் கட்டினேன். மேஸ்திரி ஃபெர்மின் கீழே நின்று, வழக்கப்படி, “ஞானத்தாய் பேரு என்ன? எல்லாரும் கேக்குற மாதிரி சொல்லு” என்றார்.

பாசிலியா சிபானா என்று சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஒருவரும் கைதட்டவில்லை.

இப்படிக்கு,
பாசிலியா சிபானா