பி பிரிவு ஆசிரியை

போடி
14-3-1981

பிரியமுள்ள அத்தானுக்கு,

கர்த்தருடைய கிருபையால் அப்பாவும் நானும் சுகம். உங்கள் சுகத்தை மதுரைக் கருத்தரங்கிலேயே கண்ணால் பார்த்துவிட்டதால் விசாரிக்கவில்லை. மலையில் மழை இல்லை, ஏலக்காய் வரத்துக் குறைவு என்று அப்பா புலம்புகிறார். ஆராய்ச்சி வேலை முடியும்வரை மதுரையில் தங்க நீங்கள் கேட்ட இரண்டு வேட்டியையும் வெளுத்து வைத்திருக்கிறேன். யாராவது மதுரை வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

காப்பி வேளையில் தேடினேனே, சொல்லாமல் ஏன் போனாய் என்று எழுதியிருக்கிறீர்கள். சொல்கிறேன். என் வீட்டுக்காரர் எம்.ஃபில். ஆராய்ச்சியை மேடையில் படிக்கப் போகிறார் என்று கிறிஸ்துமஸ் புடவையைக் கட்டிக்கொண்டு காலை ரயிலில் வந்தவள் நான். நம் கல்லூரி முதலாண்டு பி.காம். பிள்ளைகள் புள்ளியியலை எவ்வளவு கற்றார்கள் என்று அளந்திருப்பதாகச் சொன்னீர்கள். முதல் நாளும் கடைசி நாளும் ஒரே கேள்வித்தாள். படத்தில் உங்கள் ஏ பிரிவின் கோடு ஏறிக்கொண்டே போனது. பி பிரிவின் கோடு படுத்துக் கிடந்தது. அது ஒப்பிடுவதற்காக வைத்த வகுப்பு, புத்தகத்தைப் பார்த்து வழக்கம்போல் நடத்தும் ஓர் ஆசிரியையின் வகுப்பு என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனீர்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மாள், பாவம், அந்த டீச்சர் யாரோ என்றார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். பிறகு எழுந்து வந்துவிட்டேன்.

ஏ பிரிவில் நீங்கள் செய்ததாகச் சொன்ன புது முறை என்ன? மூட்டையில் ஏலக்காயைக் கலந்து வைத்து, ஆளுக்கொரு பிடி அள்ளச் சொல்லி, வெடித்த காய் எத்தனை பங்கு என்று கணக்கிட வைப்பது. அது யார் யோசனை, அத்தான்? அப்பா கடையில் பார்த்து வளர்ந்ததை, வகுப்பில் செய்து பார்க்கலாமா என்று ஜூன் மாதம் சாப்பிடும்போது நான்தான் கேட்டேன். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பது ஓர் எழுத்து விடாமல் நினைவிருக்கிறது. "வகுப்புல கடை போடப் போறியா? ஒழுங்கா புத்தகத்த நடத்து, போர்ஷன் முடியாது." நானும் வாயை மூடிக்கொண்டு புத்தகத்தை நடத்தினேன்.

அடுத்த வாரமே புரொபசருக்கு என்று சொல்லி அப்பாவிடம் ஒரு மூட்டை காய் வாங்கினீர்கள். அதன்பிறகு தினமும் உங்கள் சட்டைப்பையில் ஏலக்காய் வாசம். ரகசியமாகச் சிகரெட் பிடித்துவிட்டு வாய்க்கு மெல்கிறீர்கள் என்று நினைத்து உங்களைக் கேலிகூடச் செய்தேன். சிகரெட்டாகவே இருந்திருக்கலாம். வெளியே மூச்சு விடக்கூடாது என்று ஏ பிரிவுப் பிள்ளைகளுக்கும் உத்தரவாம். கல்லூரியில் எனக்கு மட்டும்தான் தெரியாதுபோல.

முன்னமே சொல்லியிருந்தால் நீ மாற்றி நடத்தியிருப்பாய், அளவு கெட்டுப்போயிருக்கும் என்று எழுதுகிறீர்கள். நானும் புள்ளியியல் படித்தவள்தான். ஒப்பிட இரண்டு வகுப்பு வேண்டும் என்று எனக்கும் தெரியும். கேட்டிருந்தால் சம்மதித்தே இருப்பேன். என் யோசனையை எடுத்துக்கொண்டு, என்னை அதைத் தொடவிடாமல் செய்துவிட்டு, அது இல்லாமல் நான் எவ்வளவு மோசமாக நடத்துகிறேன் என்றல்லவா அளந்திருக்கிறீர்கள்! நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அது இதுதான். இரண்டு பிரிவுத் தாளையும் திருத்தியது வேறு நான். ஏ பிரிவைப் பார்த்தாவது புத்தி வரட்டும் என்று என் பிள்ளைகளைத் திட்டினேன். பக்கத்து வகுப்பில் இருந்துகொண்டு அதையும் கேட்டுக்கொண்டுதானே இருந்தீர்கள்?

என் சங்கதி கிடக்கட்டும். பொட்டிப்புரத்திலிருந்து என் வகுப்புக்கு வரும் மொக்கம்மாளை உங்களுக்குத் தெரியும். நீங்கள் சொன்னபடி மதிப்பெண்களைப் பலகையில் ஒட்டினேன். அவளுக்கு நாலு. அவள் அப்பா நல்லகண்ணு வந்து பார்த்துவிட்டு, "கணக்கு ஏறாத பிள்ளைக்கு பஸ்ஸு காசு எதுக்கு டீச்சர்" என்று அவளைக் கையோடு கூட்டிப் போய்விட்டார். சித்திரையில் கல்யாணம் பேசுகிறார்களாம்.

போன சனிக்கிழமை ஆள் அனுப்பி அவளை அப்பா கடைக்கு வரவழைத்தேன். ஒரு மூட்டையை அவிழ்த்துவிட்டு, எல்லாவற்றையும் எண்ணாமல் இதில் வெடித்த காய் எத்தனை பங்கு என்று எப்படிச் சொல்வாய் என்று கேட்டேன். மேலே ஒரு பிடி அள்ளினாள். பிறகு நான் சொல்லாமலே முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்தும் ஒரு பிடி எடுத்தாள். "மேலாப்புல நல்லதாத்தான் டீச்சர் போட்டிருப்பாக, அடியிலயும் பாக்கணும்ல" என்றாள். அப்புறம் அதே கேள்வித்தாளைக் கொடுத்தேன். மாதிரி எடுப்பது பற்றிய கேள்வி அத்தனையும் சரி. கல்லாவில் இருந்த அப்பாவே எழுந்து வந்து பார்த்தார்.

இதை நல்லகண்ணுவிடம் சொன்னால், டீச்சரம்மா இரக்கப்பட்டுச் சொல்லுது என்கிறார். அளந்தவர் நீங்கள். ஆகவே நீங்கள்தான் வரவேண்டும். நேரே வீட்டுக்கு வராதீர்கள். முதலில் பொட்டிப்புரம் போய், உங்கள் மகளுக்குக் குறைவு ஒன்றுமில்லை, சொல்லிக்கொடுக்க வேண்டியதைத் தடுத்தவன் நான்தான் என்று அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். ஆராய்ச்சியில் என் பெயரைப் போடுவதும் போடாததும் உங்கள் மனசு. எனக்கு அந்தப் பிள்ளை கல்லூரிக்குத் திரும்ப வேண்டும்.

மாப்பிள்ளை எப்ப வாராக என்று அப்பா தினமும் கேட்கிறார். எந்த மூட்டையானாலும் அடிவரை கைவிட்டுப் பார்த்துத்தான் விலை சொல்லுகிறவர் அவர். எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது மட்டும் மேலாக ஒரு பிடி எடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை. சொல்லும்படி வைத்துவிடாதீர்கள், அத்தான்.

கர்த்தர் உங்களை நல்லபடியாகப் பொட்டிப்புரம் கொண்டுவந்து சேர்ப்பாராக.

தங்கள் அன்பு மனைவி என்று எழுதித்தான் பழக்கம். இன்றைக்குக் கை வரவில்லை.

இப்படிக்கு,
பி பிரிவு ஆசிரியை,
சுகிர்தம்