ஞாயிற்றுக்கிழமையும் ஓடிய ஆலை

அன்புள்ள பாப்பாவின் அப்பாவுக்கு,

நலம் என்று எழுதினால் பொய். உயிரோடு இருக்கிறோம். சோறு எடுத்துப் போட ஆளில்லை என்று அங்கே பட்டினி கிடக்காதீர்கள்.

கார் ஆலைக்குள் இயந்திரங்களைக் கழற்றி லாரியில் ஏற்றுகிறார்கள். பக்கத்து மைதானத்தில் நீங்கள் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமைகூட வீடு தங்காமல் செய்து தள்ளிய கார்கள் நிற்கின்றன. தினமும் கொஞ்சம் விற்பனைக்குப் போகிறது. கையில் அவ்வளவு சரக்கு இருந்ததால்தானே முதலாளி பதறாமல் ஆலையை மூடினான்! நம் கையாலேயே நம் கண்ணைக் குத்திக்கொண்டோம்.

அதிகமாகச் செய்து காட்டினால் ஆலை பிழைக்கும் என்று மேனேஜர் சொன்னதை நம்பினீர்கள். சங்கத் தலைவராயிற்றே, ஸ்டூல் மேல் ஏறி நின்று, “ஒழுங்கா உழைக்கறவன் வயித்துல எவனும் அடிக்க மாட்டான்” என்றீர்கள். முதலில் கை தட்டியது என் அண்ணன். காய்ச்சலோடு போய்க் கார்க் கதவு மாட்டியவர். இன்று, “உம் புருஷன் காசு வாங்கிக்கிட்டுதான் பேசியிருக்கான்” என்று என் முகத்துக்கு நேரே சொல்கிறார். பாப்பாவைக்கூடத் தூக்குவதில்லை.

தண்ணீர்க் குழாயடியில், “தலைவரம்மா வர்றாங்க, வழி விடுங்கடி” என்று சிரிக்கிறார்கள். நான் சும்மா இருப்பேனா? வாங்கின காசில் கட்டிய மாளிகை ஒழுகுகிறது, பாத்திரம் வைக்க வாருங்கள் என்றேன். வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

நீங்கள் வேலை தேடிப் போனீர்கள் என்பது எனக்குத் தெரியும். ஊருக்கு அப்படித் தெரியவில்லையே! ஆலை பூட்டிய மறுநாளே யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினால் என்ன நினைப்பார்கள்? திருடன் ஓடலாம். ஏமாந்தவர் ஏன் ஓட வேண்டும்?

வரும் ஞாயிறு எல்லோரும் ஆலை வாசலில் கூடுகிறார்கள். நீங்கள் வருவீர்கள் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்கவில்லைதான், நீங்கள் மட்டும் என்னைக் கேட்டா போனீர்கள்? வந்து, “நானும் உங்களோடு ஏமாந்தேன்” என்று அவர்களிடம் சொல்லுங்கள். திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள். அடித்தால் மருந்து போட நான் இருக்கிறேன்.

அவர் வாங்கவில்லை, வாங்கவில்லை என்று தனியாகச் சொல்லிச் சொல்லி என் வாய் ஓய்ந்துவிட்டது. நானும் உங்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவதற்குள் வந்துவிடுங்கள்.

உங்களை இன்னும் நம்பும்,
பாப்பாவின் அம்மா