மூன்று முறை கூப்பிட்டும்

மாமா,

தம்பிக்குக் காதுவலி. அம்மா தேங்காயெண்ணெயில் பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சுகிறார். அந்த வாசனை வந்ததும் உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். இதே எண்ணெய் உங்கள் காதுக்குள் இறங்காமல் விளிம்பிலேயே தேங்கி நின்றதை நான்தான் முதலில் பார்த்தேன்.

பனிமூட்டத்தில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாவது தடவைதான் பதில் சொல்ல வேண்டும், பேய்க்கு இரண்டு தடவைக்கு மேல் கூப்பிட வராது என்பார்கள் நம் தேயிலைத் தோட்டத்து லயத்தில். நீங்களோ வெயிலிலும் முதல் இரண்டுக்குத் திரும்பமாட்டீர்கள். "டேமுல மீன் புடிக்கிற ஆளு, சூதானமாத்தான் இருக்காரு" என்று பக்கத்து வீட்டு காமாட்சி அக்கா மெச்சுவார். உண்மையில் உங்களுக்குக் கேட்கவில்லை.

நூலகத்தில் படித்ததை உங்களிடம் கத்திச் சொன்னேன். குளிர்ந்த கடலில் பல வருஷம் அலைச்சறுக்கு விளையாடுகிறவர்களுக்குக் காதுத் துவாரத்தில் எலும்பு வளர்ந்து வழியை அடைக்குமாம்.

"நமக்கு ஏதுடி அலை? காத்தடிச்சா டேமுல ஒரு சுருக்கம் விழும், அவ்வளவுதான்" என்று சிரித்தீர்கள்.

ஆனால் சிக்கிய வலையை எடுக்க விடியலில் நீங்கள் முங்கியதும் அதே குளிரில்தானே. ஆஸ்பத்திரியில் டாக்டர் சிங்களத்தில் சொன்னதை நான்தான் தமிழில் சொன்னேன்: எலும்புதான், செதுக்கி எடுக்கலாம், இனித் தண்ணீரில் இறங்கக்கூடாது.

வெளியே வந்ததும் என் காதருகே குனிந்தீர்கள். "முங்குனா மட்டும் நல்லா கேக்குது பாப்பா. கீழ யாரோ பேசிக்கிறாங்க."

எலும்பு வழியாகவும் ஒலி போகும் என்று படித்திருந்தேன். பேசுவது யார் என்று புத்தகத்தில் இல்லை.

டாக்டர் சொல்லியும் நீங்கள் மறுபடி தண்ணீரில் இறங்கிய அந்தக் காலை, மேல் அணையில் மதகு திறக்கும் சங்கு ஊதியது. ஆற்றுவாயில் வலை போட்டிருந்த எல்லாரும் கரையேறினார்கள். நீங்கள் இடுப்பளவு தண்ணீரில் எங்களுக்கு முதுகு காட்டி நின்றீர்கள். கூப்பிட்டேன். மறுபடியும் கூப்பிட்டேன்.

"பதறாத, மூணாவதுக்குத் திரும்புவாரு" என்றார் காமாட்சி அக்கா.

மூன்றாவது தடவை கத்தியபோது திரும்பினீர்கள். எங்கள் பக்கம் அல்ல. பனியைத் தவிர ஒன்றுமில்லாத அந்தப் பக்கம். பிறகுதான் வெள்ளம் வந்தது. வலையை முதலில் எடுத்தார்கள், பிறகு உங்களை.

காது டாக்டராகப் போகிறேன் என்று பள்ளியில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். அது உண்மைதான், மாமா. ஆனால் அம்மாவிடம்கூடச் சொல்லாமல் வைத்திருப்பது ஒரே ஒரு சொல். நீங்கள் அந்தப் பக்கம் திரும்பியபோது சங்கு ஓய்ந்திருந்தது, தண்ணீர்மேல் எனக்குத் தெளிவாகக் கேட்டது. "வாரேன்" என்றீர்கள், மெதுவாக, பக்கத்தில் நிற்கிறவரிடம் சொல்வது போல.