முளைக்காத கேப்பை

நவம்பர் 24, திங்கள்

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் சீட் கிடைத்தது. விக்கிரவாண்டி வருவதற்குள் எழுதி முடிக்க வேண்டும். அதற்குப் பிறகு டிரைவர் ஆடும் ஆட்டத்தில் என் கையெழுத்தை நானே படிக்க முடியாது.

இன்று காலை சாம்பாரில் இரண்டு முறை உப்பு விழுந்துவிட்டது. ஒரு முறை நான் போட்டேன். இன்னொரு முறையும் நான்தான் போட்டேன். வேறு யார் இருக்கிறார்கள்? கிளாரா மஸ்கட்டில் நர்ஸ் வேலைக்குப் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. திண்டிவனம் வீட்டில் நானும் மகள் ஜெனிட்டாவும் மட்டும்தான். அவள் ஆறாவது படிக்கிறாள். நான் தினம் விழுப்புரம் போய் ஒரு பைக் ஷோரூமில் சர்வீஸ் அட்வைசராக நிற்கிறேன். அதாவது, வண்டிக்காரர்கள் கத்தினால் "சரிங்க சார்" என்று சொல்வதுதான் வேலை. அங்கே கத்த முடியாது. வீட்டில் கத்தினால் பிள்ளையின் முகம் வாடுகிறது. அதனால் இந்த டைரியில் கத்துகிறேன்.

ஜெனி சாம்பாரை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "பரவால்லப்பா, தயிர் ஊத்திக்கினா சரியாப் பூடும்" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

நேற்று பூசை முடிந்து, பிரம்மதேசத்தில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தது. ஆரோக்கியசெல்வி என்றால் வீட்டில் எல்லாருக்கும் பயம், அத்தானுக்கும் சேர்த்து. வந்ததும் ஃப்ரிட்ஜைத் திறந்தது. "மாவு பாக்கெட்டு, பரோட்டா பாக்கெட்டு... வளர்ற புள்ளைய வச்சிக்கினு இன்னா குடும்பம்டா நடத்துற?" என்று கேட்டது. பிறகு ஜெனி வெளியே போன நேரம் பார்த்து மெதுவாகச் சொன்னது: "கிறிஸ்துமஸ் வரைக்கும் பாக்குறேன் பிரபு. நீ இப்பிடியே பேஜார் பட்டுக்கினு இருந்தின்னா சிஸ்டர்ங்க கிட்ட பேசி ஜூன்ல ஹாஸ்டல்ல சேத்துடலாம். நானும் ஹாஸ்டல்ல படிச்சவதான், கெட்டாப் போயிட்டேன்? கிளாராவும் சரின்னுட்டா."

கிளாரா சரி என்றாளா? என்னைக் கேட்காமலா?

நவம்பர் 25, செவ்வாய்

நின்றுகொண்டே வந்தேன். உப்புமா.

நவம்பர் 28, வெள்ளி

கிளாராவிடம் கேட்டேவிட்டேன். "நான் சரின்னு சொல்லலைங்க. யோசிக்கலாம்னுதான் சொன்னேன்" என்றாள். அக்காவிடம் யாராவது "யோசிக்கலாம்" என்று சொன்னால் அது சம்மதம்தான், இது குடும்பத்துக்கே தெரியும். பிறகு அவள், "புள்ள இளைச்சிட்டா, கேமராலயே தெரியுது. முளைகட்டின கேப்பையில கஞ்சி காய்ச்சிக் குடுங்க" என்றாள். கேழ்வரகை முளைகட்டுவது எப்படி என்று கேட்டேன். ஊறவைத்து, வடித்து, துணியில் கட்டித் தொங்கவிட்டு, முளைத்ததும் வெயிலில் காயவைத்து, வறுத்து, மெஷினில் கொடுத்து அரைத்து... கேட்டுக்கொண்டே இருந்தேன். டிசம்பர் மழையில் எந்த வெயிலில் காயவைப்பது? கேட்கவில்லை. அவள் நைட் டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஒன்று மட்டும் தெரியும். ஜெனி இல்லாமல் அந்த வீட்டில் நான் இருக்க முடியாது. இதை அக்காவிடம் சொன்னால் "உன் சவுரியத்துக்குப் புள்ளையப் பட்டினி போடுவியா?" என்று கேட்கும். 

டிசம்பர் 2, செவ்வாய்

பள்ளிக்கூடத்தில் கைவினைப் பொருள் செய்து வரச் சொல்லியிருக்கிறார்கள். நேற்று மாலை சொல்கிறாள், இன்று காலை வேண்டுமாம்! குச்சி வீடு கட்ட ஐஸ் குச்சிகள் சேர்த்து வைத்திருந்தாள். ஒரு அடுப்பில் இட்லி, இன்னொன்றில் சட்னிக்கு மல்லாட்டை, மேடையில் ஃபெவிகால். ஜெனி கத்தரிக்கோலை எடுத்தாள். "நீ தொட்டா லேட்டாவும், குடு இங்க" என்று வாங்கிக்கொண்டேன். அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

சட்னிக்கு வறுத்த கடலை கருகிப்போனது. ஆனால் வீடு நன்றாக வந்தது. கதவு திறந்து மூடும்! சும்மா சொல்லக் கூடாது, எனக்கு அந்தக் கை இருக்கிறது.

டிசம்பர் 3, புதன்

வீட்டுக்கு 'வெரி குட்' போட்டார்களாம். கதவு எப்படித் திறக்கிறது என்று மிஸ் கேட்டாராம். "எனக்குத் தெரியாது மிஸ், அப்பாவத்தான் கேக்கணும்" என்று சொல்லியிருக்கிறாள். வகுப்பே சிரித்ததாம்.

"விடியறதுக்கு முன்னாடி எழுந்து செஞ்சி குடுத்தா இப்பிடித்தான் மானத்த வாங்குவியா?" என்று கேட்டேன். "உண்மையத்தானப்பா சொன்னேன்" என்றாள். பிறகு பக்கத்து வீட்டு செண்பகத்திடம் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் வேலையிலிருந்து வரும் வரைக்கும் அவள் இருப்பது அங்கேதான். செண்பகம் இல்லையென்றால் என் பிழைப்பு எப்போதோ நாறியிருக்கும்.

டிசம்பர் 7, ஞாயிறு

பஸ் இல்லாத நாள். வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அன்பியக் கூட்டம், அதாவது தெருவில் உள்ள சபைக் குடும்பங்கள் கூடும் ஜெபக் கூட்டம். எங்கள் தெரு அன்பியத்தின் தலைவி லூர்து மேரி அக்கா ஒரு குண்டைப் போட்டது. இந்த வருடம் வீட்டுக்கு வீடு கிறிஸ்துமஸ் குடில் போட்டியாம். "கடையில வாங்குனது ஒண்ணும் இருக்கக் கூடாது. மாட்டுக் கொட்டாய், ஆடு, நட்சத்திரம் எல்லாம் கையால செய்யணும். புல்லுக்கு அந்தப் பச்சை ப்ளாஸ்டிக் பாய விரிச்சீங்கன்னா நான் உள்ளயே வர மாட்டேன். கேப்பை போட்டு முளைக்க வைங்க." இருபத்துநாலாம் தேதி சாயந்திரம் பார்க்க வருவார்களாம்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஜெனி எழுந்து நின்று, "எங்க வீட்டுல எல்லாத்தையும் எங்கப்பா கையாலயேதான் செய்வாரு" என்றாள். எல்லாரும் கைதட்டினார்கள். பெருமையாகச் சொன்னாளா, குத்திச் சொன்னாளா? முகத்தைப் பார்த்தும் தெரியவில்லை.

பிரம்மதேசத்திலிருந்து அக்கா ஃபோன். "நானும் வர்றேன் இருபத்துநாலு. பாக்குறேன்." குடிலைப் பார்க்க வரவில்லை, என்னைப் பார்க்கத்தான் வருகிறது.

டிசம்பர் 11, வியாழன்

ஒரு வழியாகக் கேப்பை வாங்கிக் கஞ்சிக்கு ஊறவைத்தேன். பையில் இருந்த அத்தனையையும் கொட்டிவிட்டேன்.

டிசம்பர் 13, சனி

குடில் புல்லுக்கு இன்றாவது விதைத்தால்தான் கிறிஸ்துமஸுக்கு ஒரு விரல் உயரம் வரும். வீட்டில் ஒரு மணி கேப்பை இல்லை. நேற்று காலையிலேயே ஊறினதையெல்லாம் என் பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டி, கழுவுகிற தொட்டிக்கு மேல் ஆணியில் மாட்டிவிட்டிருந்தேன். அது கஞ்சிக்கு. அதைத் தொட்டால் மஸ்கட்டுக்கு யார் பதில் சொல்வது?

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. செண்பகம் வீட்டுக் கதவைத் தட்டி, "கொஞ்சம் கேப்பை இருக்கா தங்கச்சி? ஜல்தி" என்றேன். ஒரு டம்ளர் நிறையக் கொடுத்தது. ட்ரேயில் மண் பரப்பி, தூவி, தண்ணீர் தெளித்துவிட்டு ஓடிவந்தேன். ஜெனி, "நான் தெளிக்கிறேன்பா" என்றாள். "நீ அள்ளி ஊத்திடுவ, வேணாம்" என்றேன்.

டிசம்பர் 16, செவ்வாய்

முளைக்கவில்லை. ஜெனிக்கு அரையாண்டுத் தேர்வு நடக்கிறது. டப்பாவுக்கு எலுமிச்சை சாதம். எனக்கும் எலுமிச்சை சாதம். நேற்றும் அதுதான்.

டிசம்பர் 18, வியாழன்

இன்னும் முளைக்கவில்லை. மண்ணைக் கிளறிப் பார்த்தேன். ஊறி உப்பி, ஒரு மாதிரி வாடை அடிக்கிறது. இப்படியும் ஒரு கேப்பை இருக்குமா?

இருபத்துநாலாம் தேதிக்கு லீவு கேட்டேன். மேனேஜர் விருத்தாசலம், "கிறிஸ்துமஸுக்குத்தான் லீவு இருக்கே பிரபு, அதுக்கு மொத நாளு இன்னாத்துக்கு?" என்றார். மாட்டுக் கொட்டாய் கட்டணும் சார் என்று சொல்ல முடியுமா? அரை நாள் பர்மிஷன் வாங்குவதற்குள் உயிர் போய் வந்தது.

டிசம்பர் 21, ஞாயிறு

இன்று நடந்ததை எழுதக் கை வரவில்லை. எழுதாவிட்டாலும் தூங்க முடியாது.

காலையில் முறுக்கு சுட்டேன். தீபாவளிக்கு செண்பகம் பலகாரம் வைத்துக் கொடுத்த தட்டு இன்னும் என் வீட்டில்தான் கிடக்கிறது. கிறிஸ்துமஸுக்கு நம் பலகாரத்தை வைத்துத்தான் அதைத் திருப்பித் தர வேண்டும். வெறும் தட்டைக் கொடுப்பதா? அச்சில் பிழிந்தால் எண்ணெயில் விழுந்ததும் துண்டு துண்டாகிறது. ஒரு முறுக்குகூட வட்டமாக வரவில்லை. எல்லாவற்றையும் அள்ளி அந்தத் தட்டில் வைத்துக் கொண்டுபோனேன்.

செண்பகம் ஒன்றைக் கடித்துக்கொண்டே, "கேப்பைக் கஞ்சி காச்சினியா அண்ணே?" என்று கேட்டது. கஞ்சிக்கு இல்லை, குடிலுக்கு விதைத்தேன், முளைக்கவில்லை என்றேன். அது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. "ஐயோ அண்ணே, அது வறுத்த கேப்பையாச்சே! சத்துமாவு அரைக்க வறுத்து வச்சிருந்தேன். நீ கஞ்சிக்குக் கேக்குறன்னு இல்ல நெனச்சேன்!"

ஒரு வாரம் காலையும் மாலையும் வறுத்த கேப்பைக்குத் தண்ணீர் தெளித்திருக்கிறேன். திரும்பிப் பார்த்தால் ஜெனியும் வாசலில் நின்று சிரிக்கிறாள்.

எனக்கு எங்கிருந்து வந்தது அவ்வளவு கோபம்? "சிரிடி, நல்லா சிரி. உனுக்கோசரம்தான் இங்க ஒருத்தன் நாயா அலையறான். போ, ஹாஸ்டலுக்கே போ. நானாவது நிம்மதியா இருப்பேன்" என்றேன்.

அவளுக்கு ஹாஸ்டல் விஷயமே தெரியாது. நாங்கள் யாரும் சொல்லவில்லை. "எந்த ஹாஸ்டல்?" என்று மட்டும் கேட்டாள். நான் வீட்டுக்குள் போய்விட்டேன். சாப்பிட்டாள், தட்டைக் கழுவி வைத்தாள், படிக்கப் போய்விட்டாள். அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நிம்மதியா இருப்பேனாம். பொய். இத்தனை பெரிய பொய்யை நான் யாரிடமும் சொன்னதில்லை.

டிசம்பர் 22, திங்கள்

காலை இட்லி ஊற்றப் போனேன். குடில் வைக்கத் துடைத்து வைத்திருந்த பலகையில் பெரிய தாம்பாளம். அதன் மேல் பச்சைப் பசேலென்று, அடர்த்தியாக, ஒரு விரல் உயரத்துக்குப் புல்!

தொட்டுப் பார்த்தேன். அடியில் வேர்கள் பின்னிக்கொண்ட துணி. கரையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. என் வேட்டி.

ஆணியில் கட்டி மாட்டியதை நான் அடியோடு மறந்தே போயிருக்கிறேன். கஞ்சியும் காய்ச்சவில்லை, அவிழ்த்தும் பார்க்கவில்லை.

ஜெனி எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். "நீ மறந்துட்ட. துணிய மீறி முளை வந்துச்சு. ட்ரேல ஒண்ணும் வர்லன்னு தெரிஞ்சிது, அதான் மொட்டமாடில வாட்டர் டேங்க் பக்கத்துல வச்சித் தண்ணி தெளிச்சேன்."

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா அதையும் நீ வாங்கிக்குவ."

இட்லி குழைந்துவிட்டது. பஸ்ஸும் போய்விட்டது. இந்தப் பஸ்ஸில் நின்றுகொண்டே எழுதுகிறேன். கண் எரிகிறது. யாராவது கேட்டால் தூசி என்று சொல்ல வேண்டும்.

டிசம்பர் 25, வியாழன்

நேற்று மதியம் வந்து சேர்ந்தபோது ஜெனி அட்டையை வெட்டிக்கொண்டிருந்தாள். கோணலாக. கத்தரிக்கோலை வாங்கக் கை நீண்டது. அதற்குப் பதிலாகப் பசை டப்பாவை எடுத்துப் பிடித்துக்கொண்டேன். அவள் கேட்கும்போது மட்டும் கொடுத்தேன். இதைவிட ஷோரூமில் நாள் முழுக்கத் திட்டு வாங்கலாம், அத்தனை கஷ்டம்.

கொட்டாய் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. களிமண்ணில் செய்த ஆடு சூசையப்பரை விடப் பெரியது. நட்சத்திரத்துக்கு ஒரு கால் குட்டை. பாலன் படுக்கும் இடம் மட்டும் வழக்கம்போலக் காலி. நள்ளிரவுப் பூசை முடிந்துதான் அவரை வைக்க வேண்டும். சுற்றிலும் புல். அது மட்டும் அத்தனை அழகு.

லூர்து மேரி அக்கா கூட்டத்தோடு வந்தது. கூடவே பிரம்மதேசத்து அக்காவும். ஆட்டைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள். புல்லை மட்டும் லூர்து மேரி அக்கா குனிந்து தடவிப் பார்த்தது. பரிசு இல்லை, ஆறுதல் பரிசுகூட இல்லை.

அவர்கள் போனதும் என் அக்கா அடுப்படியைப் பார்த்தது. முறுக்குச் சட்டி இன்னும் எண்ணெயோடு கிடந்தது. நான் தயாராகிக்கொண்டேன். அதற்குள் ஜெனி, "அத்தே, ஹாஸ்டலுக்குப் போன்னு நீதான் சொன்னியா?" என்று கேட்டாள்.

அக்கா என்னை முறைத்தது. "ஆமாண்டி கண்ணு. நல்ல சாப்பாடு, நல்ல படிப்பு."

"நான் போறேன் அத்தே. ஆனா அப்பாவ யாரு பாத்துப்பா? சாம்பார்ல ரெண்டு வாட்டி உப்பு போடுது. கேப்பைய கட்டி மாட்டிட்டு மறந்துடுது. வறுத்ததுக்குப் போயி தண்ணி தெளிக்கிது."

நான் என்னமோ அவளைப் பார்த்துக்கொள்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா சிரிக்கவில்லை. ஜெனியின் தலையைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டே நின்றது. கிளம்பும்போது கேட்டுக்கு வெளியே நின்று, "டேய், அந்தப் பாக்கெட்டு மாவு வாங்காத. ஞாயித்துக்கிழமையானா பூசைக்கு வர்றப்ப நான் அரைச்சி எடுத்தாறேன்" என்றது. ஜூனில் ஹாஸ்டல் என்ற பேச்சையே எடுக்கவில்லை.

கிளாராவுக்குக் குடிலைக் காட்டினோம். "கஞ்சிக்கு ஊறவச்ச கேப்பையா அது?" என்றாள். ஜெனி கேமராவை ஆட்டுப் பக்கம் திருப்பிவிட்டாள்.

ஜனவரி 7, புதன்

அடுத்த பஸ். சீட் கிடைத்தது. விருத்தாசலம் இன்று கத்துவார், கத்தட்டும்.

பஸ்ஸை விட்டதற்குக் காரணம் ஜெனி. வெங்காயம் அவள்தான் வெட்டுவாளாம். ஒவ்வொரு துண்டும் இவ்வளவு பெரிது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். நேரம் போகிறது, போகிறது, அவள் பாட்டுக்கு வெட்டிக்கொண்டிருக்கிறாள். எரிச்சல் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இன்னும் எரிகிறது.

அப்புறம் டப்பாவில் ஊற்றி மூடும்போதுதான் ருசி பார்த்தேன். இன்றும் சாம்பாரில் இரண்டு முறை உப்பு. ஒரு முறை நான் போட்டேன். இன்னொரு முறை ஜெனி போட்டிருக்கிறாள்.

இரண்டு டப்பாவோடும் தயிர் வைத்திருக்கிறேன்.