மழை நாளில் மூன்று மணி பஸ்

நேற்று மத்தியானம் பக்கத்துக் கடை வாசலில் வரிசையாக ஈர்க்குச்சிகள் குத்தியிருந்தன. ஒவ்வொரு குச்சியிலும் ஒரு சின்ன வெங்காயம், அதற்கு மேலே ஒரு சிவப்பு மிளகாய். புதிதாக அங்கே வாழைப்பழம் பொரித்து விற்க வந்திருக்கும் மலாய்க்கார அக்காவின் வேலை அது. எல்லோருக்கும் அவள் 'காக்கா'. கல்யாணம், திருவிழா என்றால் மழை வராமலிருக்க இங்கே எல்லோரும் செய்வதுதானே. பார்த்ததும் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் கண் கலங்கிவிட்டது. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

செனாவாங்கில் நான் வடைக்கடை போட்ட முதல் வருஷத்தை நினைத்துக்கொண்டேன். பேக்டரியில் பதினோரு வருஷம் உன் பக்கத்திலேயே நின்று வேலை செய்தவள் நான். கடைசி நாள் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது சும்மாவா இறங்கினேன்? படியில் நின்றுகொண்டு, "இனிமே என்னப் பாக்கணும்னா நீங்கதான் என் கடைக்கு வரணும்" என்று மலாயிலும் தமிழிலும் பிரகடனம் செய்துவிட்டு இறங்கினேன். நீ மட்டும் கை தட்டினாய்.

நாலு மாசம் நன்றாகத்தான் போனது. அப்புறம் வருஷக் கடைசி மழை பிடித்துக்கொண்டது. காலை ஷிப்ட் முடிகிற மூன்று மணிக்குத்தான், சொல்லி வைத்தாற்போல, தினமும் கொட்டும். மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் எல்லாம் மேம்பாலத்துக்கு அடியில் ஒதுங்கிவிடுவார்கள். பஸ் என் கடை முனையில் நிற்கும், இரண்டு பேர் இறங்கித் தலையில் பையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடுவார்கள். நீ ஆவி படிந்த ஜன்னலை உள்ளங்கையால் துடைத்து எனக்குக் கை காட்டுவாய். இறங்கி வந்து ஒரு வடை வாங்கக் கூடாதா என்று எனக்கு ஆத்திரமாக வரும். முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

அப்போதுதான் நானும் வெங்காயமும் மிளகாயும் குத்த ஆரம்பித்தேன். முதல் இரண்டு நாள் தற்செயலாக மழை பெய்யவில்லை. அவ்வளவுதான், எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. கடையைச் சுற்றி ஒரு சாண் இடைவெளி விடாமல் நட்டு வைத்தேன். மூன்றாம் நாள் வானம் பிளந்துகொண்டு ஊற்றியது.

அந்தச் சனிக்கிழமை நீ பஸ்ஸைவிட்டு இறங்கி, தலையில் பிளாஸ்டிக் பையோடு வந்து நின்றாய்.

"என்னடி இது, கடைக்கு வேலி போட்டிருக்க?"

"மழைய நிறுத்த."

"நின்னுச்சா?"

நீ குனிந்து ஒவ்வொரு குச்சியாகப் பிடுங்கினாய். "வடைக்குள்ள போட வேண்டியத மண்ணுல குத்தி வெச்சிருக்கா பாரு" என்று வானத்திடம் புகார் சொன்னாய். அப்போதுதான் உடைந்துபோய் உன்னிடம் சொன்னேன், பழைய சூப்பர்வைசர் கூப்பிட்டிருக்கிறார், திங்கட்கிழமைக்குள் பதில் சொன்னால் அதே இடத்தில் வேலை கிடைக்கும், திரும்பிப் போய்விடலாம் என்றிருக்கிறேன் என்று.

நீ ஆறிப்போன வடை ஒன்றை எடுத்துக் கடித்தாய். வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாதவள், உப்பு சரியா என்று பார்க்கிற மாதிரி யோசித்தாய்.

"தம்பின் டவுன் பக்கம் ரப்பர் தோட்டத்துல நம்ம ரெண்டு பேரு அப்பா அம்மாவுக்கும் மழை பெஞ்சா பால் வெட்டு இல்ல. வீட்டுல உக்காந்தாங்க. வேற வழி இல்ல, மரம் ஈரமா இருக்கும். உனக்கு என்னடி? நாப்பது பேரு பசியோட பஸ்ஸுல உக்காந்திருக்கோம். ஒருத்தனும் நனைஞ்சிக்கிட்டு எறங்க மாட்டான். நீ ஏறி வா லா."

"அந்த பஸ்ஸுலயா? அவ்வளவு பேசிட்டு எறங்கினேன். எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு ஏறுவேன்?"

"பேசினது நீ. வாய மூடிக்கிட்டு ஏறு. கத்துறது என் வேல."

திங்கட்கிழமை சூப்பர்வைசருக்குப் போன் போடவில்லை. மூன்று மணிக்குக் கூடையோடு முனையில் நின்றேன். கதவு திறந்தது. நான் கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அந்தப் படியையே பார்த்தேன். டிரைவர் பாக்சிக், அந்த மலாய்க்கார மாமா, "செப்பாட், செப்பாட்" என்று அவசரப்படுத்தினார். நீதான் கையைப் பிடித்து மேலே இழுத்தாய். அதற்கப்புறம் அந்த பஸ் உன் தொண்டைக்குத் தாங்கியதே பெரிய விஷயம். "வடை, வடை! பானாஸ், பானாஸ்! சூடு, சூடு! அவ வந்துட்டா, வாங்குங்க!" யாரும் என் பழைய பேச்சை ஞாபகப்படுத்தவில்லை. பின்னால் இருந்த நேப்பாளக்காரர்கள்தான் முதலில் கை நீட்டினார்கள்.

சட்னியைப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி எடுத்து வந்தது என் முட்டாள்தனம். ராசா ஊர் ரவுண்டபவுட்டில் பஸ் திரும்பியபோது ஒன்று வெடித்து உன் யூனிபார்ம் முழுக்கத் தெறித்தது. நான் அழுகிற நிலைமைக்கு வந்துவிட்டேன். நீ விரலால் வழித்து நக்கிவிட்டு, "நாளைக்குச் சட்னி வேணாம், பச்ச மிளகாய் போதும்" என்றாய். கடைசி நிறுத்தமான, உன் வீடு இருக்கும் ராசாவில் இறங்கும்போது கூடையில் எண்ணெய்க் காகிதம் மட்டும்தான் இருந்தது.

மறுநாளிலிருந்து நீ பிரேக் நேரத்தில் லைன் லைனாகப் போய்க் கேட்டு, யாருக்கு என்ன வேண்டும் என்று எனக்கு வாய்ஸ் மெசேஜ் போடுவாய். பஸ்ஸில் நான் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. ராசாவில் இறங்கியதும், நிறுத்தத்தில் விட்டிருக்கும் உன் மோட்டாரில் என்னைத் திரும்பக் கடைக்குக் கொண்டுவந்து விடுவாய். மழைக்கோட்டு ஒன்றுதான். நீ முன்பக்கம் போட்டுக்கொள்வாய், நான் பின்பக்கத்தைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு உன் முதுகோடு ஒட்டிக்கொள்வேன். பஸ் காலியாக என் கடை வழியாகத்தான் திரும்பிப் போகும். அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எத்தனையோ மழைக்காலம் இருவரும் அதைச் சொல்லிக்கொள்ளவே இல்லை.

நீ போனதும் இதே மழை மாசத்தில்தான். வியாதியை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்து, கடைசி மூன்று வாரத்தில் சொன்னாய். அதற்காக உன்மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. உன்னை எடுக்கிற அன்று காலையிலிருந்து மழை. நான் என்ன செய்தேன் தெரியுமா? உன் வீட்டு வாசலில் சாக்கடை ஓரமாக வெங்காயமும் மிளகாயும் குத்தினேன். "ஆன்ட்டி, என்ன பண்றீங்க?" என்று உன் மகள் கேட்டாள். இந்த மழையில் உன் அம்மாவைப் பார்க்க யார் வருவார்கள் என்று சொல்லிக்கொண்டே குத்தினேன்.

மழை நிற்கவில்லை. மூன்றரைக்குக் கம்பெனி பஸ் தன் வழியை விட்டு உன் சந்துக்குள் திரும்பியது. கதவு திறந்தது. ஒவ்வொருவராக, யூனிபார்மோடு, கொட்டுகிற மழையில் இறங்கினார்கள். கடைசியாகக் குடையில்லாமல் பாக்சிக். ஒரு வடைக்கு இறங்காத நாற்பது பேரும் உனக்காக இறங்கினார்கள். நான் பிடுங்க மறந்த குச்சிகளை மிதிக்காமல் தாண்டித் தாண்டி உள்ளே போனார்கள்.

இப்போதும் மழை நாளில் அந்த பஸ்ஸில் ஏறுகிறேன். திரும்பும்போது பாக்சிக்தான் கடை முனையில் இறக்கிவிடுகிறார். வடை விற்றுத்தான் என் வீடு நடக்கிறது. அது நீ கொடுத்தது.

காக்கா நேற்று, மாசக் கடைசியில் கடையை எடுத்துவிடப் போவதாகச் சொன்னாள். இன்று மூன்று மணிக்கு அவள் குச்சிகளைப் பிடுங்கிப்போட்டேன். "மாலு லா" என்று வெட்கப்பட்டுப் பின்வாங்கியவளைக் கையைப் பிடித்து பஸ்ஸுக்குள் இழுத்தேன். உன் தொண்டை எனக்கு வராது. இருந்தாலும் கத்தினேன். ராசா வருவதற்குள் அவள் தட்டு காலி. என் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப நன்றி சொன்னாள்.

நான் ஜன்னலை உள்ளங்கையால் துடைத்து, உன் வீட்டுச் சந்துப் பக்கம் கை காட்டினேன்.