விக்டோரியாவில் மூன்று வருடம்

1978 ஆனி, செவ்வாய் இரவு

டண்டினொங் தொழிற்சாலையில் மெஷின் என் வலக்கையில் இரண்டு விரல்களை எடுத்து நாலு வருடமாகிறது. வழக்குப் போட இன்றுதான் லோயரிடம் போனேன். விக்டோரியா மாநிலத்தில் இதற்கு மூன்று வருடம்தான் காலக்கெடு, அது முடிந்துவிட்டது என்றார். ஏன் இவ்வளவு நாள் இருந்தீர் என்றும் கேட்டார். அன்று தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன முதலாளி. அவரிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு அவரையே எப்படிக் கோட்டுக்கு இழுப்பது? வேறு வேலை கிடைக்கட்டும் என்று இருந்தேன். இதை இங்கிலீஷில் சொல்ல வாய் வரவில்லை.

ஆறு வருடம் இருக்கிறது, அவசரப்படாதே என்றவர் சிட்னியில் பிளாக்டவுனில் இருக்கிற அத்தான். அவருக்குப் போன் எடுத்தேன்.

"சிட்னியில ஆறுதான். அங்க வேறயெண்டு எனக்கென்ன தெரியும்?" என்றார்.

"ஒரே நாடுதானே அத்தான்?"

"நானும் அப்பிடித்தான் நினைச்சனான்."

காணி விஷயத்தில் கொழும்புக்கு ஒரு சட்டம், யாழ்ப்பாணத்துக்குத் தேசவழமை என்று வேறு சட்டம், இப்படிப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள் இருவரும். ஒருவர் மண்டையிலும் இது ஏறவில்லை.

புது வேலை கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை தொழிற்சாலையில் கடைசி நாள். முதலாளி கை நீட்டுவார். நானும் மிச்சமிருக்கிற மூன்று விரலைக் கொடுத்து, தாங்க்ஸ் சொல்லிவிட்டுத்தான் வரப்போகிறேன்.