பிரிட்ஜ் கதவில் இருக்கும் உன் பட்டியல்

கோயம்புத்தூர்
வியாழக்கிழமை

அன்பு மகள் இளவேனிலுக்கு அப்பா எழுதுவது. உனக்கு ஒரு சளி கூட இல்லை, டப்ளின் குளிர் பழகிவிட்டது என்று ரம்ஷா சொன்னாள், சந்தோஷம். லீவுக்கு வந்த பிள்ளை நாளைக்கு உங்கள் காலேஜுக்கே திரும்புகிறாள், அவள் கையில்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் பேசினால் உங்கம்மா ஸ்பீக்கரைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள், வாட்ஸப்பில் அனுப்பினால் உன் பதிலை எனக்கு முன்னால் படிக்கிறாள், வேற வழியில்லை. டயாலிசிஸ் கட்டிலில் படுத்துத்தான் எழுதுகிறேன். இடது கையில் ஊசி, வலது கை நாலு மணி நேரம் சும்மாதானே கிடக்கிறது.

போன மாசம் ரத்த டெஸ்ட்டில் என் கிரியேட்டினின், கிட்னி கெட்டவனுக்கு ஏறிக்கொண்டே போகிற அந்தக் கழிவு, ஒன்பதரையிலிருந்து ஆறேகாலுக்கு இறங்கியதும் நீ என்ன பண்ணினாய் அம்மணி? அங்கிருந்து கைதட்டினாய். உங்கம்மா காரமடைக்குப் போய் ரங்கநாதருக்குத் துளசி மாலை சாத்திவிட்டு வந்தாள். வெள்ளகோவில் பாவாத்தாள் அத்தை வந்து, தம்பி மெலிஞ்சு பொண்ணு பார்க்கப் போற பையனாட்டம் ஆயிட்டான்னு சிரித்தது. நானும் பல்லை இளித்துக்கொண்டு நின்றேன் பார், இருபத்திரண்டு வருஷமாகப் பம்பு கம்பெனியில் மோட்டார் டெஸ்டிங்கில் நிற்கிறவன். ஆம்ப்ஸ் திடீர்னு குறைந்தால் கரண்ட் மிச்சம்னு எவனாவது துள்ளுவானா? பம்பு தண்ணியில்லாமல் சும்மா சுத்துதுன்னு கிணத்தை எட்டிப் பார்ப்பான். அது கூடத் தோணவில்லை எனக்கு.

திங்கட்கிழமை ஊசி போட வந்த டெக்னீஷியன் சண்முகப்ரியா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவேயில்லை. ஏனுங்ண்ணா, பெல்ட்டுல புது ஓட்டை போட்டீங்களான்னு கேட்டாள். போட்டிருக்கிறேன், கம்பெனி டிரில்லிங் மெஷினில், ரெண்டு. அப்புறம் டாக்டர் வந்து உடைச்சே சொல்லிவிட்டார். மெஷின் ரத்தத்தைக் கழுவுறது எப்பவும் போலத்தாங்க, கிரியேட்டினின் உங்க சதையிலிருந்து வர்றது, சதை கரைஞ்சதால அது குறைஞ்சிருக்கு, ரத்தத்துல இருக்கற புரதம், ஆல்புமின், மூணே முக்காலிலிருந்து ரெண்டு புள்ளி எட்டுக்கு வந்துருச்சு, டயாலிசிஸ்ல இருக்கறவங்க எத்தனை காலம் தாங்குவாங்கன்னு யோசிச்சா என் கண்ணு முதல்ல போறது அந்த நம்பருக்குத்தான், அப்படின்னார். எத்தனை காலங்க சார்னு நேராகவே கேட்டேன். நம்பர் ஜாதகம் இல்லீங்க, சாப்பிட்டா ஏத்தலாம்னார். மகள் படிப்பு எப்போ முடியுதுன்னு கேட்டார். அடுத்த வருஷம்னேன். என்னென்ன சாப்பிடணும்னு ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

ஏன் சாப்பிடலைன்னு நீ கேட்பாய். பிரிட்ஜ் கதவில் உன் பட்டியல். ரெண்டு வருஷத்துக்கு முன்னால், டயாலிசிஸ் தொடங்குவதற்கு முந்தி, சிவப்பு மையில் எழுதி லேமினேட் பண்ணி ஒட்டிவிட்டுப் போனாயே. கறி கூடாது, முட்டை கூடாது, பருப்பு ஒரு கரண்டிக்கு மேல் கூடாது. அன்னிக்கு அது சரி. மெஷினில் ஏறினவனுக்கு அதுவே தலைகீழ், ஒவ்வொரு தடவையும் உடம்பிலிருந்து சத்து கொஞ்சம் வெளியே போகிறது, முன்னை விடக் கூடச் சாப்பிடணும். பத்து மாசமாக டாக்டர் சொல்கிறார், உங்கம்மா அவர் முன்னால் சரீங்க சரீங்கன்னு தலையாட்டிவிட்டு ஊட்டுக்கு வந்து, அவரு எல்லாத்துக்கும் பொதுவாச் சொல்றாருங்க, எங்கண்ணு உங்களுக்குன்னே எழுதியிருக்குதுங்கிறாள். நானே முட்டை வேகவைத்தேன், தோலை உரிக்கும் முன் தூக்கிப் பக்கத்து ஊட்டுப் புள்ளைக்குக் கொடுத்துப்போட்டாள். எனக்கும் பசியில்லாததால் சண்டை போடாமல் விட்டுவிட்டேன், அது என் தப்பு. ஆனால் நீயும் படித்தவள்தானே, ஒரு தேதியாவது போட்டிருக்கக் கூடாதா? பழைய டிராயிங்கை வைத்து வேலை செய்தால் எங்கள் கம்பெனியில் அன்னிக்கே கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள்.

அதனால் டாக்டர் சீட்டில் இருக்கிறபடி நீ புதுசாக எழுது. தினம் மூணு முட்டை வெள்ளைக்கரு, வாரத்தில் நாலு நாள் கோழியோ மீனோ, சாப்பாட்டோடு சேர்த்து பாஸ்பரஸ் ஏறாமல் தடுக்கிற மாத்திரை. இளநீர், வாழைப்பழம் கூடாது என்பதும், உப்பு, தண்ணி அளவும் பழையபடியே இருக்கட்டும், அதில் கை வைக்காதே. அதே சிவப்பு மை, உன் கையெழுத்து, படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பிவிட்டுப் பேசு. பழைய பட்டியலால்தான் இப்படி ஆச்சுன்னு மட்டும் அவளிடம் வாய் தவறிக்கூடச் சொல்லிப்போடாதே. துளசி மாலை வாங்கிக்கொண்டு போனவள், தாங்க மாட்டாள்.

நல்லா இரு கண்ணு, நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதைன்னு சிரிக்காதே. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் அம்மாவைக் கூப்பிட மறக்காதே. ஞாயித்துக்கிழமை காலையில் நான் கறிக்கடைக்குப் போகிறேன், பையோடு திரும்பி வந்தால் அவள் கதவைத் திறக்கணும்.

இப்படிக்கு
உன் அப்பா
கிருபாசங்கர்